துணிக் கப்பல்

அருள்குமார் திருப்புளியோடு வந்து நின்றபோது பிரிசில்லாவின் கப்பலை மூன்று கொள்ளையர்கள் சுற்றி வளைத்திருந்தார்கள்.

"எந்திரிங்க மேடம். இந்த டப்பாவப் பழைய இரும்புக் கடைக்கு ஏத்தோணும். வண்டி வெளிய நிக்குது."

"அஞ்சே நிமிசம் இருங்க அருளு. எறங்கீட்டுத் தாரேன்."

பெருமாநல்லூரில் அந்தப் பனியன் கம்பெனியின் ஷிப்பிங் பிரிவுக்குப் பத்து வருடம் முன்பு இருவரும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தார்கள். அன்று கம்பெனிக்கே இந்த ஒரு கம்ப்யூட்டர்தான். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்குப் பாதி நேரம் அதில் விண்கப்பல் விளையாட்டு. கறுப்புத் திரை, வெள்ளைக் கோட்டில் கிரகங்கள். ஒன்றில் வாங்கி இன்னொன்றில் விற்கலாம். எதை ஏற்றுவது, எங்கே போவது, யாரும் சொல்வதில்லை. அருள்குமார் சாராயமும் ஆயுதமும் கடத்தி ஆறே மாதத்தில் எல்லாக் கிரகமும் பார்த்துச் சலித்துவிட்டான். பிரிசில்லா துணி மட்டுமே ஏற்றினாள். இருப்பதிலேயே லாபம் குறைந்த சரக்கு. "இங்கயும் பனியனா? இத வெச்சுட்டு நீங்க கடைசிக் கிரகத்தப் பாத்த மாதிரிதான்" என்று அவன் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது.

அந்தக் கடைசிக் கிரகம் இதோ, திரையில் ஒரு சின்ன வட்டமாக. புதுக் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு ஓடாது. இன்று விட்டால் விட்டதுதான்.

திரை அதிர்ந்தது. கவசம் போயிற்று.

"சரக்கக் கொட்டீருங்க. பொறுக்கீட்டுப் போயிருவானுக. வெறுங்கப்பலா எறங்கிக்கலாமல்லொ?"

"வெறுங்கப்பலுக்கு அங்க என்னங்க வேல?"

கப்பலைக் கொள்ளையர் பக்கமே திருப்பினாள். அவள் பில் அடித்த பெட்டிகள் ஐரோப்பாவையே சுற்றிவிட்டன. அவள் தூத்துக்குடித் துறைமுகம்கூடப் பார்த்ததில்லை. இந்த ஒரு சரக்கையாவது தானே கொண்டுபோய் இறக்க வேண்டும்.

ஒரு கப்பல் வெடித்துச் சிதறியது.

"எடது பக்கம்! ஏனுங்க, எடதுங்க!" திருப்புளியை மேசையில் போட்டுவிட்டுக் குனிந்தான் அருள்குமார். "நீங்க ஓட்டுங்க. நான் சுடறேன்."

"துணிக்குக் காவலா? சாராயக்காரருக்கு இது கேவலமில்லீங்களா?"

"பேசாம முன்னால பாருங்க."

வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். இருவரும் திரும்பவில்லை. இரண்டாவது கப்பலும் சிதறியது. மூன்றாவது பின்னாலேயே சுட்டுக்கொண்டு வந்தது. திரையடியில் கப்பலின் உயிர்க்கோடுகளில் ஒன்றுதான் மிச்சம்.

எதிரே, அந்தக் கிரகத்துக்கு வரும் கப்பல்கள் இறங்கும் நிலையம் மெல்லச் சுழன்றது. அதன் வாய் ஒரு மெல்லிய பிளவு. அது சாயச் சாயப் பிரிசில்லாவும் கப்பலைச் சாய்த்தாள். நாற்காலியில் அவள் தோளும் சாய்ந்தது, பக்கத்தில் அவன் தோளும். பிளவு அகன்று அகன்று, திரையின் இரு ஓரங்களையும் எட்டிக்கொண்டிருந்தது.