மருந்துக்கு நேராக ஒரு பூஜ்யம்

அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் அண்ணன் வைத்த "சின்னு"தான் ஒட்டிக்கொண்டது. ஆபீஸில் ஒரு பிரிவையே ஆட்டிப்படைக்கும் அம்மாளை, "சின்னு, சாப்பிட்டியா?" என்று போனில் ஒரு குரல் கேட்கும்போது, பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார். அண்ணன் காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அது. அவர் பேசினால் போனைக் காதில் வைக்கவே வேண்டாம்.

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. பங்குச் சந்தை விழுந்தால் மக்கள் எதை வாங்குவதை நிறுத்துவார்கள்? கடைக்காரர்களும் வங்கிகளும் இதைத் தெரிந்துகொள்ளக் காசு கொடுக்கிறார்கள். சில ஆயிரம் குடும்பங்கள் தாங்கள் வாங்கும் சாமான்களின் பில்லைப் படம்பிடித்து அனுப்பும். அதை வைத்து, எது எதோடு சேர்ந்து ஏறுகிறது, எது எதோடு சேர்ந்து இறங்குகிறது என்று கண்டுபிடிக்கும் கணக்குக்கு "சார்பு மாதிரி" என்று பெயர். கடைசியில் ஒரு சதுர அட்டவணை கிடைக்கும். செருப்புக்கும் சந்தைக்கும் ஒரு கட்டம், சினிமாவுக்கும் சந்தைக்கும் ஒரு கட்டம். கட்டத்தில் உள்ள எண் 1-ஐ நெருங்கினால் இரண்டும் சேர்ந்தே விழும். பூஜ்யம் என்றால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நல்ல நாளில் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காத இரண்டு விஷயங்கள், நிலைமை ரொம்பவும் கெட்டுப்போனால் கைகோத்துக்கொண்டு கீழே போகும். இரண்டையும் சேர்த்துப் புள்ளி வைத்து வரைந்தால், அந்த வரைபடத்தின் இடது கீழ் மூலையில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், அந்தக் கெட்ட நாட்களின் புள்ளிகள் கிடக்கும். அந்த மூலையைப் பற்றிப் பேசித்தான் சின்னு பெயர் வாங்கினாள். மேடையேறி, "சராசரியை நம்பாதீர்கள், மூலையைப் பாருங்கள்" என்று எத்தனையோ பேருக்குப் புத்தி சொன்னவள் அவள்.

மருந்துக்கான மூலையில் கொஞ்சம் புள்ளிகள் இருந்தன. முன்பொரு முறை சந்தை சரிந்தபோது சில குடும்பங்கள், பெரும்பாலும் வயதானவர்கள், மருந்து பில் அனுப்புவதையே நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து மேஜைக்காரர்தான் காட்டினார்.

"இவங்க மருந்தைக் குறைச்சுட்டாங்களோ?"

"மருந்தை யாராவது குறைப்பாங்களா? ஒண்ணு, முன்னாடியே வாங்கி அடுக்கியிருப்பாங்க. இல்லேன்னா பில்லைப் படம்பிடிக்கச் சோம்பல். சுத்தம் பண்ணிடுங்க."

சுத்தம் பண்ணுவது அந்தத் தொழிலின் வழக்கம். வழக்கமாக வாங்கும் பொருளுக்குத் தொடர்ந்து பில் வராவிட்டால், அந்தக் குடும்பத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் சோம்பேறிகள் என்று அதற்கு ஒரு தனிப் பெட்டியே உண்டு. புள்ளிகள் போயின, மூலை துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று, எண்ணும் பூஜ்யத்தை ஒட்டி வந்தது. மருந்துக்கு நேராகச் சின்னு பூஜ்யம் போட்டாள். தன் கையாலேயே போட்டாள். படித்தவர்களுக்கு வரும் நிச்சயம் இருக்கிறதே, அதைப்போல ஆபத்தானது வேறொன்றுமில்லை.

அண்ணன் ஓய்வுபெற்றபோது கிடைத்த மொத்தப் பணத்தையும் எங்கே போடுவது என்று அவளைத்தான் கேட்டார். அவள் ஒரு பங்கு நிதியைச் சொன்னாள். மாதாமாதம் அதிலிருந்து ஒரு தொகையை எடுத்து, சொற்ப ஓய்வூதியத்தோடு சேர்த்துக் குடும்பத்தை ஓட்டினார்கள். இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன பிறகு தினம் ஒரு மாத்திரை சேர்ந்துகொண்டது. விலையைக் கேட்டால் ஆரோக்கியமானவனுக்கே நெஞ்சு வலிக்கும். "ஒவ்வொரு மாத்திரையும் ஒரு சினிமா டிக்கெட் விலை. படம்தான் தெரியல" என்று அண்ணன் சிரிப்பார்.

பிறகு சந்தை விழுந்தது. சாதாரண வீழ்ச்சி அல்ல, மூலைக்குப் போகும் வீழ்ச்சி.

"சின்னு, இருக்கறதை எடுத்துடலாமா?" அண்ணனின் குரல் அன்று வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தது.

"வேண்டாம் அண்ணா. இப்ப எடுத்தா நஷ்டத்தை நாமே முத்திரை குத்தி வாங்கிக்கற மாதிரி. கொஞ்ச நாள் அதுல கையே வைக்காதீங்க. கண்டிப்பா ஏறும்."

"மாசாமாசம் எடுக்கறதும் வேண்டாமா?"

"முடிஞ்சா அதுவும் வேண்டாம். சமாளிக்க முடியுமா? நான் அனுப்பட்டுமா?"

"அட போடி. உன் காசு எதுக்கு? சமாளிச்சுக்கலாம்."

அவள் விட்டுவிட்டாள். இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆபீஸில் அப்போது அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. அவளுடைய சார்பு மாதிரி சொன்ன வரிசையிலேயே மக்கள் செலவைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். மேலிடத்தில் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

ஒரு விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். வாசலில் கிடந்தது அறுந்து தைத்த செருப்பு. செய்தித்தாளை நிறுத்தியிருந்தார்கள். டிவி இணைப்பும் இல்லை. "நிம்மதியா இருக்கு. ஊர்ல எவன் எவனை வெட்டினான்னு தெரியாமலே தூக்கம் வருது" என்றார் அண்ணன். சின்னுவின் மனம் ஒவ்வொன்றாக அடையாளம் போட்டுக்கொண்டே வந்தது. பொழுதுபோக்கு, ஆமாம். காலணி, ஆமாம். தன் கணக்கு கூடப்பிறந்தவர் வீட்டிலும் பிசகாமல் நடக்கிறதே என்று, சொல்லவே கூசுகிறது, அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட வந்தது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனபோது அலமாரியில் மாத்திரை அட்டைகள் இருந்தன. மாதக் கடைசியாகியும் நிறைய மாத்திரைகள் மிச்சம் இருந்தன. முன்னாடியே வாங்கி வைத்திருக்கிறார்கள், நல்லது என்று நினைத்தாள். அண்ணி அடுப்பருகே நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூடத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: "அங்க என்ன ரகசியம்? அவ வர்றதே அத்திபூத்தாப்போல. இங்க அனுப்பு." அண்ணி டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் போன் வந்தது. அண்ணனின் எண், அண்ணியின் குரல். மாடிப்படியில் ஏறும்போது சரிந்து விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று இன்றுவரை சின்னுவுக்கு ஞாபகமில்லை. தாழ்வாரத்தில் டாக்டர் நின்றிருந்தார்.

"மாத்திரை தினமும் போட்டாரா?"

"போடாம என்ன டாக்டர்? எங்க அண்ணன் அதுல ரொம்பக் கரெக்ட்" என்றாள் சின்னு.

அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டாரு."

"எவ்வளவு நாளா?"

"சந்தை விழுந்ததுலேருந்து. கடைசியில அதையும் பாதியா ஒடிச்சுக்கிட்டாரு."

சின்னு அண்ணியின் கையைப் பிடித்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. பணத்தை எடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'சின்னு கை வைக்காதன்னிருக்கா. அவ காரணமில்லாம சொல்ல மாட்டா. ஏறினதும் முழுசா போட்டுக்கறேன்'னாரு."

அன்று மாலையே அண்ணன் போய்விட்டார். கண்ணைத் திறக்கவேயில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது, அவர் பஸ்ஸில் போன பிள்ளைகள், இப்போது மீசை வைத்தவர்களும் கைக்குழந்தைக்காரிகளுமாக, வாசலில் நின்று அழுதார்கள். சின்னுவுக்கு அழுகை வரவில்லை. அந்தப் பெருமை, வாசல் செருப்பைப் பார்த்து வந்த அந்தப் பெருமை, திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

வேலைக்குத் திரும்பியதும் சோம்பேறிகள் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு குடும்பமாகப் படித்தாள். அந்தப் பழைய சரிவுக்கு முன்னால் ஒழுங்காக வந்த மருந்து பில்கள். பிறகு தள்ளித் தள்ளி வந்தவை. பிறகு ஒன்றுமில்லை. ஆனால் அரிசி பில் வந்திருந்தது, சோப்பு பில் வந்திருந்தது. படம்பிடிக்கச் சோம்பல்பட்டவர்கள் சோப்பு பில்லை மட்டும் எதற்கு அனுப்புகிறார்கள்? ஒரு நிமிடம் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். சிலருடைய பில்கள் அதற்குப் பிறகு மொத்தமாகவே நின்றுபோயிருந்தன. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை.

எல்லோரையும் திரும்பக் கணக்கில் சேர்த்து ஓட்டினாள். மூலை நிறைந்தது. மருந்துக்கு நேராக இருந்த பூஜ்யம் போய், செருப்புக்கு நேராக இருந்ததில் பாதிக்கு மேல் ஓர் எண் வந்து நின்றது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். "அன்னிக்கே சொன்னேனே" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் சின்னு அழுதாள். ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி, வெட்கமில்லாமல் அழுதாள்.

மேலதிகாரி புதிய எண்ணை ஏற்றுக்கொண்டார். மூலையைப் பற்றிய நல்ல கண்டுபிடிப்பு, அடுத்த கூட்டத்தில் மேடையில் இதைப் பேசலாமே என்றார். அவள் மாட்டேன் என்றாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் சந்தை மீண்டது. விழுந்ததற்கு மேலேயே ஏறிவிட்டது. அண்ணனின் கணக்கை அண்ணி பெயருக்கு மாற்றக் கையெழுத்து வேண்டியிருந்ததால் சின்னு போனாள். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதிக்காரர்கள் அனுப்பிய காகிதத்தில் தொகை எங்கே இருக்கிறது என்று விரலால் தேடினாள். கண்டுபிடித்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதில் குத்தல் எதுவும் இல்லை. கொஞ்சமாவது இருந்திருந்தால் சின்னுவால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

"நீ சொன்ன மாதிரியே ஏறிடுச்சு பாத்தியா சின்னு! உங்கண்ணன் இருந்திருந்தா தெருவுக்கே கேக்கறாப்ல சொல்லியிருப்பாரு, எந்தங்கச்சி கணக்கு தப்பவே தப்பாதுன்னு."

சின்னு தலையாட்டினாள். பேனாவை வாங்கி, அண்ணி காட்டிய இடத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.