கூட்டிய காற்று

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு காரணம் சொல்லி உங்களை ஏய்க்க விரும்பவில்லை. என் மனைவி மஞ்சுளா நாற்பது வயதில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்கிறாள். வகுப்பில் அவளுக்கு ஜோடி தேவராஜ். (ஜோடி என்பது அவர்கள் வைத்த சொல். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டுமாம். என் வயிறு எரிய அந்தச் சொல்லே போதும்.)

முதல் வரி: "யாங்கோனில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு..."

வேண்டாம். இங்கே மழை எப்போதும்தான் பெய்கிறது.

2

தேவராஜ் இங்கே பசுந்தாங் பேட்டையில் அச்சகம் வைத்திருக்கிறான். (கதையின் முதல் வரைவில் அவனுக்குத் தொப்பை வைத்தேன். நீச்சல் குளத்தில் அவனைப் பார்த்த பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன்.)

கதையின் சிக்கல் இது: புதிதாக முங்குகிறவர்கள் சாதாரணக் காற்றோடு இறங்குவதா, ஆக்சிஜன் கூட்டிய காற்றோடு இறங்குவதா? கூட்டிய காற்றில் நைட்ரஜன் குறைவு. அடியில் அதிக நேரம் இருக்கலாம். ஆனால் ரொம்ப ஆழம் போனால் அந்த ஆக்சிஜனே நஞ்சு. தேவராஜ் கூட்டிய காற்றுக் கட்சி. நான் சாதாரணக் காற்றுக் கட்சி. முழங்கால் தண்ணீருக்கு மேல் நான் இறங்கியதே இல்லை.

டைவிங் சொல்லித்தருகிற சயா அப்துல் ரவூப் (வாத்தியாரை இங்கே சயா என்போம்) என் பக்கம் பேசினார்.

"புதுசா வர்றவங்க பதட்டத்துல மூச்ச வாரி வாரி இழுப்பாங்க. நைட்ரஜன் கணக்கு வர்றதுக்குள்ள சிலிண்டரே காலியாயிடும். அப்புறம் எந்தக் காத்தா இருந்தா என்ன?"

அன்று சந்தோஷத்தில் இரண்டு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டேன்.

3

தெற்கே மையெய்க் கடலுக்கு முதன்முறையாகப் போய் முங்கிவிட்டு வந்தாள் மஞ்சுளா.

"மூணாவது தடவை எறங்குனப்ப சிலிண்டர்ல காத்து மிச்சங்க. நைட்ரஜன் கணக்குப்படி நேரந்தான் முடிஞ்சிருச்சு. அடுத்த தடவை கூட்டுன காத்துதான் எடுக்கப்போறேன்."

"நீ வாரி இழுக்கிற ஆளாச்சே?"

"கோ தேவராஜ் பக்கத்துல இருந்தா மூச்சு நிதானமா வருது."

'கோ' என்பது இங்கே எல்லோரும் மரியாதைக்குச் சொல்வதுதான். தெரியும். தெரிந்து என்ன—

பதினெட்டு வருடமாகப் பக்கத்தில் படுக்கிறவள் எப்படி மூச்சு விடுகிறாள் என்று நான் கவனித்ததில்லை.

4

ஆகவே தேவராஜைக் கொன்றேன். முடிவு ஒன்று: கூட்டிய காற்றோடு ஆழத்துக்குப் போய், வலிப்பு வந்து... அவன் எல்லையைத் தாண்டவே மாட்டேன் என்கிறான். என் கதையிலும் ஒழுங்கானவன், சனியன்.

முடிவு இரண்டு: மஞ்சுளா காதுவலி என்று டைவிங்கை விட்டுவிட்டு எனக்கு மீன் வறுத்துத் தருகிறாள். (சிரிக்காதீர்கள்.)

முடிவு மூன்று: அவள் சிலிண்டரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று தேவராஜ் அளந்து சொல்கிறான். அவள் அப்படியே நம்பிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறாள். அதற்குக் கீழே ஒரு வரி: "அவள் அவனைக் காதலித்தாள்."

தாள்களை மேசையில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். (மறதியால் அல்ல.) திரும்பி வந்தபோது மஞ்சுளா எல்லாவற்றையும் படித்து முடித்து, சிவப்புப் பேனாவால் ஒரே ஓர் இடத்தை அடித்திருந்தாள்.

"இது தப்புங்க. யாரு மூச்சு விடப்போறாங்களோ அவங்களேதான் அளக்கணும். வேற யாரு சொன்னாலும் நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள்.

5

அதற்குக் கீழிருந்த வரியை அவள் தொடவே இல்லை.

கண்ணில் படவில்லையா? திருத்த ஒன்றும் இல்லையா? கதைதானே என்று விட்டுவிட்டாளா? பக்கத்து அறையில் மறுபடி மையெய்க் போவதற்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். கதவு திறந்துதான் இருக்கிறது. எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டால் கதை முடிந்துவிடும்.

நான் கேட்கப்போவதில்லை. உங்களுக்கு அவள் யாரோ. அவள் என்ன சொன்னாலும் உங்களுக்கு வலிக்காது. நீங்கள் போய்க் கேளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.