ஒரே தோலில் இரண்டு ஆணி

அந்தக் குன்றுக்கு வயது இருநூறு கோடி, மாமாவுக்கு ஐம்பத்திரண்டு. இரண்டுமே சொன்ன பேச்சு கேட்கிற ரகம் இல்லை.

மாமா என்றால் அக்கா புருஷன். மொட்டைத் தலை மாதிரி நிற்கும் கருங்கல் குன்றின் அடியில் அவர்கள் வீடு. நான் நிலவியல்காரன். போன வருடம் பின்பக்கம் சமையலறை கட்டலாமா என்று கேட்டார்கள். மேலே சரிவில் ஒரு விரிசல் இருந்தது. அதன் இரு பக்கமும் ஆணி அடித்து, இடைவெளியை மாதாமாதம் அளந்தேன். மயிரிழைகூட விலகவில்லை. "தாராளமாக் கட்டுங்க" என்றேன், பெரிய மேதாவி.

இன்று மத்தியானம் மறுபடி அளக்கப் போன இடத்தில் சுத்தியல் கைதவறி விழுந்தது. கிண்ணென்று ஒலிக்க வேண்டிய பாறை டொப்பென்றது. அடிப்பாறையோடு ஒட்டாமல் கழன்று நிற்கிற கல்தான் அப்படிச் சத்தம் போடும். விரிசலுக்கு இந்தப் பக்கம் தட்டினேன், டொப். அந்தப் பக்கமும் டொப்.

இந்தக் குன்று பூமிக்குள்ளே வெகு ஆழத்தில், தலைமேல் மலையளவு சுமையோடு இறுகிய பாறை. மழையும் காற்றும் கோடிக்கணக்கான வருடம் சுரண்டி அந்தச் சுமையை இறக்கிவிட்டதும், அழுத்தம் விட்ட பாறை உப்பி, வெங்காயம்போல் தோல் தோலாக உரிகிறது. உரிந்து நின்ற ஒரே தோலில் இரண்டு ஆணியையும் அடித்துவைத்திருந்தேன் நான். தோல் மொத்தமாகச் சரிந்தாலும் ஆணிகளுக்கு நடுவே என்ன மாறும், என் மண்டை!

விழுந்தடித்துக் கீழே ஓடினேன். அக்கா அந்தப் புதுச் சமையலறையில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பேரும் உடனே வெளிய வாங்க. மேல இருக்கிற பாறை கழண்டு நிக்குது!"

"இருநூறு கோடி வருஷமா நிக்குது, இன்னைக்குத்தான் விழப் போகுதாக்கும்" என்றார் மாமா.

சுமை, அழுத்தம், வெங்காயம் எல்லாம் சொன்னேன். மனுஷன் கொட்டாவி விட்டார். அக்கா கரண்டியும் கையுமாக அவர் முகத்தையே பார்த்தாள். அவரை விட்டுவிட்டு அவள் நகர மாட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமா, நான் தப்பா அளந்துட்டேன். ஒரு வருஷமா தப்பு. ஆணி அடிக்கத் தெரியாத முட்டாள் நான்."

மாமா சட்டென்று எழுந்தார். அடுப்பை அணைத்து அக்காவின் கையைப் பிடித்தார்.

"பாறை மேல தப்புன்னா யோசிக்கணும். உன் மேல தப்புன்னா எனக்கு ஏன்டா சந்தேகம் வரப் போகுது? நடங்க வெளிய!"