காவிக்கு அடியில்

சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குள் கருப்பாத்தாளின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் அக்கா சின்னாத்தாள் சொம்பு சொம்பாக ஊற்ற, மகள் மதிவதனி அம்மாவின் இடுப்பைத் தேய்த்தாள். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் அப்பியிருந்த காவி கரைந்து ஓடியது. காய்ச்சலோடு அங்கே கொப்புளம் கிளம்பியபோது, அக்கி என்று நினைத்துக் குயவர் நஞ்சுண்டனிடம் போய் அம்மா காவி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எழுதின காவி தானாக உதிரும்வரை தண்ணீர் காட்டக் கூடாது என்பார்கள்.

காவி போனதும் அடியில் தெரிந்தது கருப்பாக ஒரு பொருக்கு, பீடியால் சுட்டதுபோல.

மதிவதனியின் கை நின்றுவிட்டது. அட கடவுளே, நேற்று மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இதைத்தானே கேட்டார்? "ஒடம்புல எங்கியாச்சும் சுட்ட புண்ணாட்டம் இருக்குதாங்க? புல்லறுக்கப் போறவங்களுக்கு உண்ணிக் காய்ச்சல் வருது. பூச்சி கடிச்ச எடம் கருத்துப்போயிருக்கும்." நர்ஸ் துணியை விலக்கியபோது, "அது அக்கிங்க, எழுதியிருக்குது, தொட்டுப்போடாதீங்க" என்று பதறித் தடுத்தவள் இவளேதான். துடியலூர் மில்லில் வேலை, ப்ளஸ் டூ படிப்பு வேறு. படித்து என்னத்தைக் கிழித்தாள்? ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் அம்மாவுக்கு மூச்சு அடங்கிவிட்டது.

"என்ன கண்ணு, மரமாட்டம் நிக்கறே?" என்றாள் சின்னாத்தாள்.

"அத்தை, அப்பாவும் அக்கி எழுதினாருங்களா?"

"ஆமா, ரெண்டு பேரும் சேந்துதான் போனாங்க. அவனுக்குக் கக்கத்துல. ஏனம்மணி?"

மதிவதனி ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினாள்.

உச்சி வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அப்பா மாசாணம் நடுங்கிக்கொண்டிருந்தார். பொண்டாட்டி போன துக்கம் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மதிவதனியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இப்போது அவர் கையைத் தூக்கி, ஈர முந்தானையால் கக்கத்துக் காவியை அழுத்தித் துடைத்தாள். அங்கேயும் அதே கருப்பு.

"அப்பா, எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கிறுக்கா அம்மணி உனக்கு? உங்கம்மாவ இங்க போட்டுப்போட்டா?"

தம்பி பிரவின்குமார் குறுக்கே வந்தான். "அக்கா, சனம் என்ன பேசும்? கோபியில இருந்து மாமன் கோடித்துணி கொண்டாந்துட்டிருக்காரு. அம்மாவ எடுத்தப்பறம் போலாம்."

"கோடி வந்து, எடுத்து, திரும்பி வாரதுக்குள்ள பொழுது போயிரும். அம்மாவுக்கு மூச்சு வாங்கினப்பவும் விடியட்டும்னுதான் பாத்தோம். இன்னொரு பொணம் தூக்க உனக்குத் தெம்பிருக்குதாடா?"

 பிரவின்குமார் ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினான்.

"அவ மொகத்தக் கடைசியாப் பாக்க வேண்டாமா?" என்று மாசாணம் குழந்தையைப்போல அழுதார்.

"இப்பப் பாருங்கப்பா. வாங்க."

அம்மாவின் மேல் சேலையைப் போர்த்திவிட்டு அவரைத் திரைக்குள் கூட்டிப்போனாள். ஈரக் கன்னங்களை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சின்னாத்தாள்தான் கையை விடுவிக்க வேண்டியிருந்தது.

வழி நெடுக அவர் நெற்றி மகளின் முதுகில் சாய்ந்து கொதித்தது. எங்கே சரிந்துவிடுவாரோ என்று மதிவதனி "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினாள்.

டாக்டரம்மா கக்கத்தைப் பார்த்ததும் மருந்தை ஏற்றச் சொன்னார். "நேரத்துல கூட்டியாந்தீங்க."

"எங்கம்மாவுக்கும் இருந்துச்சுங்க. நாந்தான் பாக்க உடல" என்றாள் மதிவதனி. டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மாசாணம் படுக்கையில் கிடக்காமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஊசியைப் பிடுங்கப் போனார். நர்ஸ் அதட்டினாலும் கேட்கவில்லை. "என்னைய உட்ருங்க, போயிட்டு வந்தர்றேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. "கோடி போட்டாச்சுக்கா. எடுக்கட்டுமா?" என்றான் பிரவின்குமார்.

மதிவதனி அப்பாவைப் பார்த்தாள். மாசாணம் அவள் கையிலிருந்து போனை வாங்கினார்.

"எடுத்துருங்க கண்ணு. பாலத்துகிட்ட ரோடு மோசமாக் கெடக்குது. வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மல்லாந்து படுத்து, ஊசி ஏறின கையை ஆடாமல் நீட்டி வைத்துக்கொண்டார்.