தவச்செல்வன் தோற்ற பட்டிமன்றம்

சுவிஸ் நாட்டுப் பேர்ண் தமிழ்ச் சங்கத் தலைவர் தில்லைநாதன் மாஸ்டர் எதையும் பாதிக்கு மேல் வாசிக்கிற ஆள் இல்லை. இளையோர் அணி அனுப்பிய பட்டிமன்றத் தலைப்பில் ‘மார்ட்டின் லூதர் கிங் இன்று உயிரோடு இருந்திருந்தால்’ என்கிற வரைக்கும் மட்டும் பார்த்தார். நல்ல மனுசன், நல்ல விசயம் என்று ஓம் போட்டுவிட்டார். மிச்சப் பாதி நோட்டீஸில் ஏறி, வாட்சப்பில் சூரிச்சையும் தாண்டிப் போன பிறகுதான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். ‘ஒருபால் திருமணத்தை ஆதரித்திருப்பாரா?’ ஐயோ முருகா! இனி மாற்றினால் வெட்கக்கேடு. மாற்றாவிட்டாலும் வெட்கக்கேடுதான்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைத் திருவுளச்சீட்டுத்தான் முடிவுசெய்யும். முன்பொருக்கால் எல்லாரும் ஒரே பக்கத்தைக் கேட்டுக் கதிரை தூக்குகிற அளவுக்குப் போனதால் வந்த சட்டம் அது. விழுந்த சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் தோற்றதாகவே கணக்கு. இந்த முறை ‘ஆதரித்திருப்பார்’ என்ற சீட்டு யாருக்கு விழுந்தது தெரியுமோ? ஓல்டன் ஊர்த் தவச்செல்வனுக்கு!

அந்த மனுசனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிழமை நாளில் ஓல்டன் சாமான் கிடங்கில் பாரம் தூக்குகிற வண்டி ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருச்சபையில் மூப்பர். வீட்டு ஹோலில் இயேசுவின் படம், பக்கத்திலேயே கிங் பாதிரியாரின் படம். ‘எல்லாருக்கும் திருமணம்’ என்று நாடே வாக்குப்போட்ட நேரம் ‘நெய்ன்’, அதுதான் ‘வேண்டாம்’, என்று எழுதிப் போட்டுவிட்டு, அதைக் கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தவர். பட்டிமன்ற மேடையில் மட்டும் இன்றுவரை தோற்றதில்லை. அந்தப் பெருமை இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கே மகள் லக்சனாவுக்கு ஃபோன் எடுத்தார். அவள் பேர்ணில் ஒரு ஆஸ்பத்திரியில் நேர்ஸ்.

“பிள்ளை, விசர்ச் சீட்டு ஒண்டு விழுந்திட்டுது.”

விசயத்தைக் கேட்டதும் லக்சனா ஃபோனை நெஞ்சில் பொத்திக்கொண்டு கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? பக்கத்தில் பல் தீட்டிக்கொண்டு நின்றது மாயா. லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் மணிக்கூட்டுக் கம்பனியில் வேலைசெய்கிற தகப்பனின் மகள், தமிழுக்குள் பிரெஞ்சைக் குழைத்துக் கதைக்கிறவள். வாற மாசம் சிவில்ஸ்டாண்ட்ஸ்அம்டில், அதுதான் கலியாணம் பதிகிற கந்தோரில், இவர்கள் இரண்டு பேருக்கும் கலியாணம். மாயா வீட்டில் எல்லாருக்கும் தெரியும். லக்சனா வீட்டில் சொல்லவில்லை. சொல்லவென்று ஓல்டனுக்குப் போவாள், புட்டும் மீன்குழம்பும் வெளுத்துவாங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். அப்பா இல்லாமல் கையெழுத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லவும் துணிவு வரவில்லை.

“சீட்டைத் திருப்பிக் குடுங்கோவன் அப்பா,” என்று ஆழம் பார்த்தாள்.

“உனக்கென்ன விசரோ? எதிர்ப்பக்கம் சந்திரகுமார்! கர்த்தர் என்னை மன்னிப்பார், அவன் மன்னிக்க மாட்டான். நீ இந்த இன்டர்நெட்டிலை கிடக்கிறதுகளைத் தேடித் தா.”

ஃபோனை வைத்ததும் மாயா பற்பசை வாயோடு லக்சனாவைத் தூக்கிச் சுற்றினாள். “லக்சி, வுவாலா! உன்ரை அப்பாவே உனக்காகப் பேசப்போறார்!” கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் கூரையை இடித்த பிறகுதான் இரண்டும் அடங்கின.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு சனியும் லக்சனா ஓல்டனில் நின்றாள். கிங் பாதிரியாரோடு நின்று உழைத்த பயார்ட் ரஸ்டின் என்ற மனுசனைப் பற்றித் தகப்பனுக்குச் சொன்னாள். ரஸ்டின் ஆண்களை விரும்புகிறவர். அதை வைத்து ஒரு அரசியல்வாதி, இல்லாத கதை கட்டிப் பரப்புவேன் என்று வெருட்ட, கிங் பயந்து அவரை விலகிப்போக விட்டார். பிறகு வாஷிங்டனில் லட்சக்கணக்கான சனம் திரண்ட அந்தப் பெரிய ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தியதே ரஸ்டின்தான். தவச்செல்வன் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க அவருடைய முகம் மாறிப்போனது.

“இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?” என்றார். எழும்பிப் போய்க் கிங்கின் படத்துக்கு முன்னால் நின்றார். “ஐயா, நீர் பயந்தனீரோ? நீருமோ?”

“படத்தோடை என்ன சண்டை? வந்து சாப்பிடுங்கோ,” என்று குசினிக்குள் இருந்து அம்மா ஜெயமலர் குரல் கொடுத்தா. லக்சனாவின் கண் கலங்கிவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் புட்டு ஆறிக்கொண்டிருந்தது.

பட்டிமன்றம் அன்றைக்கு மண்டபம் பிதுங்கியது. வழக்கமாகப் பரதநாட்டியம் முடிந்ததும் கழன்றுவிடுகிற சனம் முழுக்கக் கதிரையோடு ஒட்டிக்கிடந்தது. ஜெயமலர் ஒரு பெட்டி நிறைய ரோல்ஸோடு முன்னுக்கே இடம்பிடித்து, மாயாவைக் கையில் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினா. “இந்தா பிள்ளை, இது உனக்கெண்டு உறைப்புக் குறைச்சுப் பொரிச்சது,” என்றா. மகளின் சிநேகிதி என்று அம்மா எவ்வளவு அன்பாக இருக்கிறா என்று லக்சனா நினைத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, தவச்செல்வன் அன்றைக்கு மேடையைத் தூக்கிச் சாப்பிட்டார். “நடுவர் அவர்களே! கிங் பாதிரியாரின்ரை விசுவாசம் ஆரையும் வெளியாலை விட்ட விசுவாசம் இல்லை. அவர் ஒருக்கால் பயந்தார். நானும் மனுசன், எனக்கும் பயம் தெரியும். ஆனால் அதே ரஸ்டினைத் திருப்பிக் கூப்பிட்டு, ஊர்வலத்தையே அவரின்ரை கையிலை குடுத்தாரே! அப்பிடிக் கூப்பிட்ட மனுசன், இண்டைக்கு இருந்தால், இந்தப் பிள்ளையளின்ரை கலியாணத்துக்கு முதல் ஆளாய் வந்து நிப்பார்!” மண்டபம் அதிர்ந்தது. இளையோர் அணி விசிலடித்தது. மாயா கைதட்டின வேகத்தில் ரோல்ஸ் ஒன்று பறந்துபோய் முன்வரிசைச் சேலை ஒன்றில் விழுந்தது. லக்சனாவுக்குச் சந்தோசத்தில் விக்கல் பிடித்துவிட்டது. வென்றுவிட்டார்! இனி வென்ற கையோடு சொல்லிவிடலாம்!

அப்போது சந்திரகுமார் எழும்பினார். கழுத்து ரை முடிச்சைச் சரிசெய்துகொண்டு, ஆறுதலாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“தவச்செல்வன் அண்ணை நல்லாய்க் கதைச்சார். ஆனால் ரஸ்டினை அந்த ஊர்வலத்துக்குக் கொண்டுவந்தது கிங் இல்லை. ராண்டால்ஃப் எண்ட இன்னொரு தலைவர். பத்திரிகையிலை ஒரு பொடியன், தனக்குப் பொடியங்களிலைதான் விருப்பம் எண்டு எழுதிக் கேட்டதுக்கும், கிங் அதை ஒரு பிரச்சினை, வைத்தியரைப் பார் எண்டுதான் பதில் எழுதினவர். கூப்பிடாத ஆள் கூப்பிட்டதாய்ச் சொல்லிச் சபையை ஏமாத்தலாமோ?”

எல்லாம் உண்மை. தவச்செல்வன் தன் குறிப்புத்தாளைப் புரட்டிப் புரட்டித் தேடினார். கோயில்காரரும் வேண்டும், சபைக்காரரும் வேண்டும், இளையோரும் வேண்டும் என்று நடுவர் கதிரையில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த தில்லைநாதன் மாஸ்டர், கிடைத்த வழியால் பாய்ந்து தப்பினார். “நடந்ததுக்குத்தான் சாட்சி உண்டு, நடந்திருக்கக்கூடியதுக்கு இல்லை. வெற்றி சந்திரகுமாருக்கே!”

லக்சனாவின் கணக்கெல்லாம் பிழைத்துப் போனது. போச்சு, எல்லாம் போச்சு. தோற்ற அப்பா சபைக்கு அடங்கின மூப்பராக, பழைய ‘நெய்ன்’காரராகத் திரும்பிவிடுவார். தன் கலியாணத்தைப் பற்றி இனி எந்த முகத்தோடு வாய் திறப்பது? ஆத்திரத்தில் சந்திரகுமாரின் பங்கு ரோல்ஸையும் தானே எடுத்துத் தின்றாள்.

“அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போகட்டும்,” என்றா ஜெயமலர். நாலு பேருமாகச் சூரிச் போகிற ரயிலில் ஏறினார்கள். ஓல்டனில் இறங்கவேண்டும்.

அடங்கின மூப்பரா? எங்கே! தவச்செல்வன் கதிரையில் குந்தக்கூட இல்லை. தோல்வி அவருக்குள் மிளகாய்த் தூளாய் எரிந்தது. வென்றிருந்தால், சீட்டில் விழுந்த பக்கம், பேசினேன், முடிந்தது என்று அன்றைக்கே மறந்திருப்பார். தோற்ற பேச்சை எந்தப் பட்டிமன்றக்காரன் விட்டான்? புர்க்டோர்ஃப் ஸ்டேஷன் வரும்போதே அவர் ரயில்பெட்டியை மண்டபமாக்கிவிட்டார். முன்னால் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த சுவிஸ்காரர் மெல்ல எழும்பி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

“கூப்பிட்டது ராண்டால்ஃபாம்! சரி, இருக்கட்டுமே. கேள்வி அதோ? ஊர்வலத்துக்குக் கிட்ட, பாராளுமன்றத்திலை ஒருத்தன் எழும்பி ரஸ்டினை நாறடிக்க, அப்ப கிங் விட்டிட்டு ஓடினாரோ? இல்லையே! ஆர் கூப்பிட்டால் என்ன, வந்த மனுசனைப் போகச் சொல்லாமல் பக்கத்திலை நிண்டாரே! முதல் பயந்தவர், பிறகு நிண்டார். கூப்பிடுறது சுகம். பயந்த பிறகும் நிக்கிறதுதான் விசுவாசம். இதை நான் அங்கை சொல்லியிருக்கோணும்! ஐயோ, சொல்லியிருக்கோணும்!”

லக்சனா அவரைப் பார்த்தாள். கண் சிவந்து, ரை கோணி, ஒரு கை மேல்கம்பியைப் பிடித்தபடி நின்ற அப்பாவில் அவளுக்கு அப்படியொரு அன்பு பொங்கியது. இப்ப இல்லாவிட்டால் இல்லை.

“அப்பா, வாற மாசம் எனக்கும் மாயாவுக்கும் கலியாணம்.”

மாயா லக்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தவச்செல்வன் மகளைப் பார்த்தார், மாயாவைப் பார்த்தார், கடைசியாக மனிசியைப் பார்த்தார்.

“உமக்குத் தெரியுமோ?”

“தெரியாமல்? மீன்குழம்பு போடேக்கை பெத்தவளுக்குப் பிள்ளையின்ரை முகம் தெரியாதோ?” ஜெயமலர் ரோல்ஸ் பெட்டியை ஆறுதலாக மூடினா. “மாயாவின்ரை தாய் தகப்பனை வாற ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுமிருக்கிறன்.”

“ஆரைக் கேட்டுக் கூப்பிட்டனீர்?”

“ஆர் கூப்பிட்டால் என்ன எண்டு இப்பதானே சொன்னனீங்கள்.”

தவச்செல்வன் மேல்கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். வெளியில் ஓல்டன் வந்தது, கதவு திறந்தது, கதவு பூட்டியது, ஓல்டன் போனது. ஒருத்தரும் அசையவில்லை. இத்தனை வருசத்தில் அந்த மனுசன் தன்ரை ஸ்டேஷனைத் தவறவிட்டது அன்றைக்குத்தான்.

“ஓல்டன் போட்டுது,” என்றார் மெல்ல. தொப்பென்று கதிரையில் இருந்தார். “நான் ஜெபம் பண்ணவேணும் பிள்ளை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பயமாய்க் கிடக்கு.”

“பண்ணுங்கோ அப்பா,” என்றாள் லக்சனா. அழுகையும் விக்கலும் ஒன்றாக வந்தது.

அடுத்த ஸ்டேஷனான ஆராவ் வரும் வரைக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. கர்த்தரோடு கதைத்தாரோ, கிங்கோடு சண்டை பிடித்தாரோ, அது அவருக்குத்தான் வெளிச்சம். ரயில் நிற்கப்போகிற நேரம் கண்ணைத் திறந்து, எழும்பி, கோணின ரையை இழுத்துச் சரிசெய்தார்.

“சந்திரகுமாருக்கும் ஒரு அழைப்பு அனுப்பு,” என்றார். “முன்வரிசையிலை இருத்து. நான் என்ரை பிள்ளைக்குப் பக்கத்திலை நிக்கிறதை அவன் தன்ரை கண்ணாலை பாக்கோணும்.”