ஒன்பதாவது வார்டு வெளிநடப்பு

எங்கள் ஒன்பதாவது வார்டு உறுப்பினர் ராயப்பன் சித்திரை மாதத்திலிருந்து தெருவிளக்குக் கம்பமாக இருக்கிறார். மற்றபடி நலம்.

சுண்டைக்காடு பேரூராட்சிக்கு நான் தலைவர். அவர் எதிர்க்கட்சி. கூட்டத்துக்கு ஒருமுறை வெளிநடப்பு செய்வார். வாசலில் போய் நிற்பார். நான் டீயை வெளியே அனுப்புவேன், சர்க்கரை கம்மியாக. குடித்துவிட்டு உள்ளே வந்து அடுத்த தீர்மானத்தை எதிர்ப்பார். இப்படித்தான் நாங்கள் ஊரை நடத்திக்கொண்டிருந்தோம்.

சித்திரைக் கூட்டத்தில் தன் தெருவுக்கு விளக்கு கேட்டார். நிதி இல்லை என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வாசலில் நிற்கவில்லை. நேராகத் தன் தெருவுக்குப் போய், விளக்கு வரவேண்டிய இடத்தில் நின்றார். சாயங்காலம் எரிந்தார்.

அன்று அனுப்பிய டீ ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

அவர் மனைவி சவேரியம்மாள் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "இப்பவாச்சும் ஒரு இடத்துல நிக்கிறாரே தலைவரம்மா" என்றார். தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்.

எங்கள் செயல் அலுவலர் தணிகைவேல்தான் சிக்கலைக் கண்டுபிடித்தவர். சிக்கலைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நல்ல கைராசி.

"மேடம், தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வரலைன்னா பதவி போயிரும். ரெண்டு முடிஞ்சது. மூணாவது இன்னிக்கு சாயங்காலம்."

"அவர் தெருவுலதானே நிக்கிறார்?"

"கூட்டத்துல இருக்கணும் மேடம். தெருவுல இருக்க விதியில இடமில்லை."

"பதவி போனா என்ன ஆகும்?"

"உறுப்பினரா இல்லாத கம்பம், பழைய கம்பம். பழைய கம்பத்தை எல்லாம் பிடுங்கிடணும்னு நாமதான் தீர்மானம் போட்டோம்."

"அதை யாருமே எதிர்க்கலையா?"

"அவர் ஒருத்தர் எதிர்த்தார்."

ராயப்பன் வராத கூட்டங்கள் பஜ்ஜி வருவதற்குள் முடிந்துவிடுகின்றன. நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். போன கூட்டத்தில் வேண்டுமென்றே குளத்தை மாடியில் வெட்டலாம் என்றேன். ஒருமனதாக நிறைவேறியது. குளம் இப்போது மாடியில்தான் இருக்கிறது. அந்த மனுஷன் எனக்கு வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பேரூராட்சி தீர்மானம் போடலாம். சட்டம் போட முடியாது. அதற்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் வேண்டும். கம்பமாகிவிட்ட உறுப்பினரின் அடியிலேயே கூட்டம் நடத்தலாம் என்று ஒரு சின்னச் சட்டம். நானும் தணிகைவேலும் ஒரு சால்வை வாங்கிக்கொண்டு தலைநகருக்குப் போனோம்.

கோரிக்கைகளைக் கேட்கும் சட்டமன்றக் குழுவின் அறை ஒரு தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. தாழ்வாரத்தின் வாசலில் டவாலி போட்ட சேவகர் நின்றுகொண்டிருந்தார்.

"கோரிக்கையா, நன்றியா?"

"கோரிக்கை."

"அப்ப கொஞ்சம் நீளும்" என்றார் வருத்தத்தோடு. "நன்றின்னா நாலு எட்டுதான்."

நடந்தோம். தாழ்வாரம் நீண்டது. சுவரில் முன்னாள் உறுப்பினர்களின் படங்கள் இருந்தன. அவர்கள் எங்களைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். பிறகு ஒரு டீக்கடை வந்தது. பிறகு ரயில்வே கேட். சரக்கு ரயில் போகும்வரை நின்றோம். தணிகைவேல் கையில் டிபன் பாக்ஸோடு மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாயங்காலக் கூட்டத்துக்கு ஊர் திரும்ப முடியாது மேடம்."

"நடங்க."

பின்னால் டவுன் பஸ் வந்தது. "குழு அறையா? உள்ள போங்க, உள்ள போங்க" என்றார் நடத்துநர். ஏறினோம். சன்னலுக்கு வெளியே சுவர் ஓடியது. கொஞ்ச நேரத்தில் சுவரில் வயல்கள் இருந்தன. எனக்கு மீன் குழம்பு வாசனை வந்தது. அந்த வாசனையை எனக்குத் தெரியும். சவேரியம்மாள் மாங்காய் போட்டு வைப்பார்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினோம். அது எங்கள் ஒன்பதாவது வார்டு. தாழ்வாரத்தின் கூரை மட்டும் இன்னும் மேலே இருந்தது. அதிலே ஒரு மின்விசிறி சுற்றியது.

கம்பத்தின் அடியில் குழு உட்கார்ந்திருந்தது. குழுத் தலைவர் பொன்னம்பலநாதன் நடுவில். பக்கத்தில் செண்பகக்குழலி என்ற அம்மையார். மூன்றாவது நாற்காலியில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது. அவருடைய தொகுதி இன்னும் உண்டாகவில்லையாம். இடம் பிடிக்கத் துண்டு போட்டிருந்தார்.

எதிரே எங்கள் வார்டு உறுப்பினர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தலையாட்டினார்கள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

தலைவருக்குச் சால்வை போர்த்தினேன். எல்லோரும் கேமரா இருக்கவேண்டிய பக்கம் பார்த்துச் சிரித்தோம். அவர் சால்வையை எடுத்து உதவியாளரிடம் கொடுத்தார். உதவியாளர் அதை மடித்து என்னிடம் கொடுத்தார். அதையே அம்மையாருக்குப் போர்த்தினேன். மறுபடி வந்தது. துண்டுக்கும் போர்த்தினேன். ஒரு சால்வை போதும் என்று தெரிந்துதான் ஒன்று வாங்கியிருந்தேன்.

மேலே பார்த்தேன். ராயப்பன் மங்கிப்போயிருந்தார். எரிவதும் அணைவதுமாக இருந்தார்.

"ரெண்டு கூட்டம் போனதுல இருந்தே இப்படித்தான்" என்றார் சவேரியம்மாள், வீட்டு வாசலில் நின்றபடி. "எதுக்க ஆளில்லாம ஏங்கிட்டாரு."

பொன்னம்பலநாதன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "உங்க ஊர்ல எத்தனை உறுப்பினர் கம்பமா இருக்காங்க?"

"ஒருத்தர்தாங்க."

"ஒருத்தருக்காகச் சட்டம் போட்டா மத்த ஊர்க்காரங்க கேப்பாங்களே. எங்க ஊர்ல ஒருத்தர் கிணறா இருக்காரு. அவரு எதுவும் கேக்கல."

"அவர் எந்தக் கட்சிங்க?"

"என் கட்சி."

"அதான் கேக்கல."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"கம்பம் ஓட்டுப் போடுமா?" என்றார் செண்பகக்குழலி.

"போடும். எதிர்த்துத்தான் போடும்."

"உங்களை எதிர்க்கிறவரு பதவி போனா உங்களுக்குத்தானேம்மா நல்லது? அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?"

பஸ்ஸில் நான் ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன். அது மறந்துவிட்டது.

"அவர் எதிர்க்கலேன்னா நான் சொன்னது சரியா தப்பான்னு எனக்கே தெரியமாட்டேங்குதும்மா. குளம் மாடியில இருக்கு. வந்து பாருங்க."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். துண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

"சரி, நிறைவேத்திடலாம்" என்றார் பொன்னம்பலநாதன். கையை ஓங்கினார். ஓங்கியது ஓங்கியபடியே நின்றது. "மேசை எங்கே?"

"கல்யாணத்துக்குப் போயிருக்குங்க ஐயா" என்றார் உதவியாளர்.

"மேசையைத் தட்டாம எப்படிச் சட்டம் வரும்? தட்டலேன்னா வெறும் பேச்சுதான்."

தணிகைவேல் டிபன் பாக்ஸை நீட்டினார். தட்டிப் பார்த்தார்கள். எவர்சில்வர் செல்லாது என்றார் அம்மையார். தொடையைத் தட்டிப் பார்த்தார்கள். சண்டைக்குக் கூப்பிடுவது போல இருந்தது. நாற்காலியின் கைப்பிடி அவர்கள் கையோடு வந்துவிட்டது.

மேலே விளக்கு ஒரு முறை விட்டு எரிந்தது. பிறகு அடங்கிக்கொண்டே வந்தது.

சவேரியம்மாள் கரண்டியை வாசலில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். குழுவைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளங்கையால் கம்பத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். விளக்கு துடித்து எரிந்தது.

"தட்டினா எரிவாரு" என்றார்.

குழு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னம்பலநாதன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டினார். செண்பகக்குழலி வளையல் குலுங்கத் தட்டினார். துண்டு போய் ஒரு அறை அறைந்தது. ராயப்பன் தெரு முழுக்க வெளிச்சம் போட்டார். இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் ஆளாக இருந்தபோதுகூட நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

"நிறைவேறியது" என்றார் பொன்னம்பலநாதன்.

நான் விடவில்லை. அங்கேயே மூன்றாவது கூட்டத்தைத் தொடங்கினேன். முதல் தீர்மானம், சட்டமன்றக் குழுவுக்கு நன்றி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

"எதிர்ப்பவர்கள்?" என்றேன், வழக்கப்படி.

விளக்கு அணைந்தது. தெரு இருண்டது.

"போயிட்டாரா மேடம்?" என்றார் தணிகைவேல். குரல் நடுங்கியது. அவருக்கும் பாசம் இருந்திருக்கிறது.

"போகல. எதிர்க்கிறாரு. வெளிநடப்பு."

"வெளியே போகலையே. இங்கதான நிக்கிறாரு."

"கூட்டத்துக்கு வராதவரு வெளிநடப்பு செய்ய முடியுமா? எழுதிக்குங்க. உறுப்பினர் ராயப்பன் வந்திருந்தார். வெளிநடப்பு செய்தார்."

தணிகைவேல் யோசித்தார். "விதியில இடம் இருக்கு மேடம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

சவேரியம்மாள் டீ கொண்டு வந்தார். சர்க்கரை கம்மியாக. யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை, நானே தடவித் தடவிப் போய்க் கம்பத்தின் அடியில் வைத்தேன். மடித்து வைத்திருந்த சால்வையையும் சுற்றிக் கட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து விளக்கு எரிந்தது. டம்ளர் காலியாக இருந்தது.

"அடுத்த தீர்மானம்" என்றேன். "ஒன்பதாவது வார்டுக்குப் புதிதாக ஒரு தெருவிளக்கு. நிதி இருக்கிறது."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மேலே பார்த்தேன். ராயப்பன் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டினார்.

"ரெண்டு வேணுங்கறாரு" என்றார் சவேரியம்மாள்.

"ரெண்டுக்கு நிதி இல்லை" என்றேன்.

விளக்கு அணைந்தது.

இன்னொரு டீ சொன்னேன்.