மாப்பிள்ளை பெல்ட்டில் 73939133

மேல்விஷாரத்தில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று, எங்கள் டேனரித் தோலில் செய்த பெல்ட்டைப் பெண் வீட்டுப் பெரியவர்தான் மாப்பிள்ளைக்குக் கட்டிவிட வேண்டும். அதில் குடும்பப் பெயர் பதித்திருக்கும். இந்த முறை பெயர் பதிக்கும் வேலையை, மணப்பெண்ணான என் பேத்தி இரம் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். கணிதத்தில் முதுகலை படித்தவள். நம்பிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டு ஆம்பூர்க்காரர்கள் நிறைந்த கூடத்தில் பெட்டியைத் திறந்தேன். பெயரைக் காணோம். பக்கிள் தொடங்கி வால் வரைக்கும் 73939133.

சம்பந்தி வக்கார் அகமதுவும் தோல் வியாபாரி. எங்கள் தொழிலில் சரக்குக்குத்தான் எண் குத்துவோம்.

"இன்னா மக்பூல் பாய், எங்க புள்ள லாட் சரக்கா? நம்பர் போட்டு ஏத்தறீங்க?"

கூட்டம் எழுந்துகொண்டது. என் வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் திரும்பியதே இல்லை. "இரம்!" என்றேன்.

நிச்சயத்தன்று பெண் ஆண்கள் கூடத்துக்கு வருவதில்லை. அவள் திரையை விலக்கிக்கொண்டு ஓடியே வந்தாள்.

"தாதா, அது பகா எண். ஒண்ணும் அதுவும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. கடைசி இலக்கத்தை வெட்டினா மிச்சமும் பகா எண். வெட்டிக்கிட்டே போனா ஏழு வரைக்கும் அப்படித்தான். இந்த ரகத்துல இதைவிடப் பெருசு கிடையாது. பின்னால எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் கெட்டுடும்."

வெட்டினாலும் குறையாது, ஒட்ட வந்தால் ஏற்காது. எங்கள் குடும்பமேதான். நிமிர்ந்து நின்றேன்.

"பார்த்துடலாம்," என்று வக்கார் கைபேசியை எடுத்தார்.

மாப்பிள்ளை ஃபைஸான் ஒல்லி. நான் கட்டிவிட்ட பெல்ட்டில் வால் தொங்கியது. கத்தியை வாங்கி ஒரு மூன்றை அவனே அறுத்தான். பெல்ட் கச்சிதமாகப் பொருந்தியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"7393913... பகா எண்தான்!" என்றார் வக்கார். "இன்னொண்ணு வெட்டு!"

பெல்ட் இடுப்பை விட்டு மேசைக்கு வந்தது. "739391... அட! வெட்டு!"

"பகா எண்!" என்று கூடமே கத்தியது. திரைக்குப் பின்னால் என் தங்கை ஜஹீருன்னிசா குலவையிடாத குறை. பிரியாணி பரிமாறுகிறவர் கரண்டியோடு வந்து நின்றார். 73939, 7393, 739, 73. எல்லாரையும்விட உரக்கக் கத்தியது நான்தான். வீட்டுப் பெரியவன் கத்தாமல் வேறு யார் கத்துவது?

கடைசியில் பக்கிளும் ஏழும்தான் என் கையில் மிஞ்சின. வக்கார் சட்டென்று நிமிர்ந்தார்.

"பின்னால எதையும் சேர்க்க முடியாதுன்னா நாங்க எங்கேம்மா சேர்றது?"



"அது வெட்டறதுக்கு முன்னால, மாமு," என்றாள் இரம். "இப்ப சேரலாம். ஏழுக்குப் பின்னால மூணு வந்தா எழுபத்து மூணு. அதுவும் பகா எண்."

வக்கார் குனிந்து தரையில் கிடந்த ஒரு மூன்றைப் பொறுக்கி, என் உள்ளங்கையில் ஏழுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் கையை மூடிக்கொண்டேன். முன்னால் நிற்பது எங்கள் ஏழுதான். அதை நான் சொல்லவில்லை.

"தாதா," என்றான் ஃபைஸான், கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி. "ஒரு கயிறாவது குடுங்களேன்."